ஆண்டறிக்கைக்கான எழுத்துருக் குடும்பம்: எண்களின் அகலம்

கேள்வி:
ஆண்டறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, பங்குதாரர் கடிதம் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் எழுத்துருக் குடும்பமொன்றை வடிவமைத்து வருகிறேன். பத்தியில் அழகாக அமையும் எண்கள் அட்டவணைக்குள் வந்ததும் வரிசை பிசகுகின்றன; 1 வரும் இடங்களில் இது மிகுதி. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
பத்திக்கு ஒன்று, அட்டவணைக்குச் சம அகலத்தில் ஒன்று என இருவகை எண்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு வடிவத்தில் அதற்கெனத் தனி வசதி உண்டு. பலரும் கவனிக்காதது தடித்த எழுத்தைத்தான். ‘மொத்தம்’ என்ற வரி மட்டும் தடித்து வரும்போது, அதன் எண்களும் காற்புள்ளியும் சாதாரண எடையின் (தடிமனின்) அகலத்திலேயே இருந்தால்தான் 12,45,300 என்ற தொகை மேல்வரியோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்தும். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறிக்கும் அதே அகலத்தில் ஒரு வடிவம் தேவை.

மறுமொழி 2:
அடிக்குறிப்பின் சிறிய அளவுக்குத் தனி வடிவம் வரைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் பங்கு விலைப் பட்டியலுக்காக டோபியாஸ் ஃபிரேர்-ஜோன்ஸ் வடிவமைத்த ரெட்டினா எழுத்துருவில், மை பரவி அடைபடாதிருக்கக் கோடுகள் கூடுமிடங்களில் ஆழமான வெட்டுகள் விடப்பட்டிருப்பதைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நட்டத்தை அடைப்புக்குறிக்குள் இடும்போது எண் இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறதே?

மறுமொழி 1:
மூடும் அடைப்புக்குறியை அட்டவணை நெடுவரிசையின் வலது ஓரத்துக்கு வெளியே நீட்டுங்கள். இலக்கங்கள் இடம் மாறாது.