பண்டல் துணியை வெட்டித் தைப்பது: சிக்கனமா, வீண்வேலையா?

கிள்ளான் தையற்காரி:
பண்டல் கடையில், அதாவது வெளிநாட்டிலிருந்து பொதியாக வரும் பழைய உடுப்புகளை விற்கிற கடையில், துணி வாங்கலாமா கூடாதா என்று முன்பே இங்கே பேசி முடித்தாயிற்று. நான் கேட்பது அதற்கு அடுத்தது. போன தீபாவளியிலிருந்து கடையில் புதுத்துணி வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். பண்டலில் எடுத்து, பிரித்து, வீட்டு மெஷினில் வேறு உடுப்பாகத் தைத்துக்கொள்கிறேன். வீட்டில் பாதிப் பேர் மெச்சுகிறார்கள், பாதிப் பேர் "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார்கள். என் கட்சி இதுதான்: மெஷின் இருக்கிற வீட்டில் புதுத்துணிக்குக் காசு கொடுப்பது வீண்.

ஒரு உதாரணம். ஜப்பானிலிருந்து வந்த ஆண்கள் லினன் சட்டை, 3எல் அளவு, விலை ஏழு வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மார்புச் சுற்று 50 அங்குலம். ஆறு வயதுப் பெண் பிள்ளைக்கு ஃப்ராக் தைக்க அது தாராளம். சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு, பட்டன் பட்டியை ஃப்ராக்கின் முதுகுக்குக் கொண்டுபோனால் காஜா எடுக்கும் (பட்டன் ஓட்டை தைக்கும்) வேலையே கிடையாது. கீழ் மடிப்பும் ஏற்கெனவே அடித்திருக்கிறது. கழுத்துக்கும் கைக்கும் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய துணிப்பட்டி) வைத்தால் முடிந்தது. இந்த லினனில் புது ஃப்ராக் ஏழு வெள்ளிக்கு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்?

ஈப்போ மாஸ்டர்:
தங்கச்சி, கோபப்படாமல் கேளுங்கள். தையல்தான் என் பிழைப்பு. நீங்கள் சொன்ன ஏழு வெள்ளியில் உங்கள் கூலி எங்கே? பிரிக்க, துவைக்க, தேய்க்க, வெட்ட, தைக்க என்று பார்த்தால் அரை நாள் போயிருக்கும். தொழிற்சாலையில் ஓடும் ஜூக்கி மெஷின் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை அடிக்கும். வீட்டு மெஷினில் வேகமானது என்று விற்கிற சிங்கரே 1,100தான். ஓட்டத்தில் அதோடு போட்டி போட முடியாது.

அது ஃப்ராக், நேரான தையல், சரி. ஆனால் இணையத்தில் காட்டுகிற மாதிரி பெரிய சட்டையின் இரண்டு பக்கத்தையும் உள்ளே பிடித்து அடித்துவிட்டு "ஃபிட்டிங் ஆகிவிட்டது" என்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். பக்கத்தைக் குறுக்கினால் தோள் குறுகுமா? தோள்பட்டை முழங்கைப் பக்கம் தொங்கும். கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் கூடவே ஏறும். கையைக் கழற்றி, தோளைக் குறைத்து, ஆர்ம்ஹோலை (கை பொருத்தும் வளைவை) திரும்ப வெட்டி, கையின் தலைப்பகுதியையும் அதற்கேற்ப வெட்டிப் பொருத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் புதுச் சட்டையே தைத்துவிடலாம். தெரியாதவர் நல்ல சட்டையைக் கெடுத்துப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார். வெட்டியதை நான் எப்படி ஒட்டுவது?

கிள்ளான் தையற்காரி:
மாஸ்டர் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தைக்காவிட்டால் யாரும் எனக்குச் சம்பளம் தரப்போவதில்லை. தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டு இருப்பேன். கூலிக் கணக்கு கடைக்காரருக்கு, எனக்கு எதற்கு?

சைபர்ஜெயா கணக்கன்:
கூலியை விடுங்கள், சுற்றுச்சூழல் கணக்கைப் பாருங்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று உலக வனவிலங்கு நிதியம் சொல்வதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். பழைய டி-ஷர்ட் ஒன்று எடுத்தால் அந்தத் தண்ணீர் மிச்சம் என்பது அப்படியே உண்மையாகிவிடாது. அந்தப் பழையதால் ஒரு புதியதை நீங்கள் வாங்காமல் விட்டிருந்தால்தான் மிச்சம். விலை மலிவு என்று பண்டலில் பத்து எடுத்து, இரண்டைத் தைத்து, எட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் எந்தத் தண்ணீரும் மிச்சமாகவில்லை. தைக்கிறவர்கள் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லட்டும்.

செலாயாங் சுமதி:
என் கட்டிலுக்கு அடியில் இடமே இல்லை 😄

கிள்ளான் தையற்காரி:
கணக்கன் தம்பி, "வாங்கி வைத்துக்கொண்டு தைக்காதவர்" மீது நீங்கள் சொல்கிற குற்றம் சரி. நான் பேசுவது தைக்கிறவரைப் பற்றி. கானாவில் அக்ராவில் காந்தமாந்தோ சந்தை இருக்கிறதே, உலகம் கழித்துக் கட்டிய துணிப்பொதிகள் வந்து இறங்கும் இடம். அங்கே வரிசையாகத் தையல் மெஷின் போட்டு, பெரிய சட்டையைச் சின்னதாக்கி, கறை உள்ள இடத்தை வெட்டி, சாயம் ஏற்றித் திரும்ப விற்கிறார்கள். 2025 ஜனவரி முதல் நாள் இரவு தீப்பிடித்துச் சந்தையின் பெரும்பகுதி போனது. அதற்குப் பிறகும் அந்தத் தொழில் நடக்கிறது. வீண்வேலை என்றால் அத்தனை பேர் அதில் சோறு சாப்பிட முடியுமா?

ஈப்போ மாஸ்டர்:
பார்த்தீர்களா, அங்கே அது கூலி வாங்குகிற தொழில். நான் சொன்னதும் அதுதான்.

சுங்கை சிப்புட் தாத்தா:
பிள்ளைகளே, நடுவில் வருகிறேன். ஜப்பான்காரன் காலத்தில், 1942லிருந்து 45 வரை, ரப்பர் தோட்டத்தில் துணி கிடையாது. என் அம்மா கோணிச்சாக்கைப் பிரித்து உடுத்தினதாகச் சொல்லுவார். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர்களும் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பிறகு பால்வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்து, வருசத்துக்கு ஒரு தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்து எங்களை வளர்த்தார்கள். இப்போது கையில் காசு இருக்கிறது, அதே ஜப்பான்காரன் போட்டுக் கழித்ததைப் பொதியாக வாங்கி உடுத்துகிறோம் என்கிறீர்கள். யார் உடுத்தினது, எந்த நோயாளி உடுத்தினது, இருக்கிறாரா செத்தாரா, ஒன்றும் தெரியாது. வேறு நாள் என்னவோ செய்யுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைக்குப் பழைய சட்டையை வெட்டிப் போடாதீர்கள்.

செலாயாங் சுமதி:
தாத்தா, தீபாவளி விசயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நோய் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையிலிருந்து வந்ததை வீட்டுக் கூடையில் கலக்காமல் நேரே டோபிக்கு, அதாவது சலவைக் கடைக்குக் கொண்டுபோய், 60 டிகிரி சுடுநீரில் போட்டு, சூடான டிரையரில் நன்றாக உலர்த்தினால் மூட்டைப்பூச்சி, அதன் முட்டை இரண்டும் போய்விடும். வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். சுருங்குகிற துணி அங்கேயே சுருங்கிவிடும், தைத்த பிறகு சுருங்காது. பட்டும் கம்பளியும் இந்தச் சூட்டைத் தாங்காது, அதனால் அவற்றை நான் எடுப்பதே இல்லை.

மூணு எல்:
முதல் பதிவைப் படித்ததிலிருந்து வயிற்றெரிச்சலாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் அணியும் அளவு 3எல். ஜப்பான் துணியில் அந்த அளவு எத்தனை வரும் என்று பண்டல் கடையில் தேடுகிறவர்களைக் கேளுங்கள். ஒரு கம்பி முழுக்க எஸ், எம், எல். ஓரத்தில் எல்எல் கொஞ்சம். 3எல் கண்ணில் படுவதே பெரிய விசயம். பேரங்காடியில் என் அளவுக்குத் தனி விலை, அதிலும் பாதி பாலியஸ்டர், இந்த வெயிலில் போட முடியாது. எனக்கு லினன் சட்டை கிடைக்கிற ஒரே இடம் பண்டல். அதை நீங்கள் எடுத்து ஆறு வயதுப் பிள்ளைக்கு ஃப்ராக் தைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஊரில் எங்கும் ஃப்ராக் கிடைக்கும். எனக்குச் சட்டை கிடைக்காது. துணி நிறைய இருக்கிறது என்பதற்காகப் பெரிய சைஸ் கம்பியைத் துணிக்கடை மாதிரி பார்க்கிறீர்கள். அது எங்கள் உடுப்பு.

கிள்ளான் தையற்காரி:
அக்கா, அது ஆண்கள் சட்டை. மேலும் அது அந்தக் கம்பியில் எத்தனையோ நாளாகத் தொங்கியது. யாரும் எடுக்காததால்தானே விலை ஏழு வெள்ளிக்கு இறங்கியது?

மூணு எல்:
ஆண்கள் சட்டையைத்தான் நான் அலுவலகத்துக்குப் போடுகிறேன். பெண்கள் பக்கம் என் அளவே இல்லாதபோது வேறு எதைப் போடுவது? நான் மாதம் ஒரு தடவைதான் கடைக்கு வர முடிகிறது. யாரும் எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும், நான் இன்னும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பண்டல் வியாபாரி:
நான் ஜாலான் ஜாலான் ஜப்பான் மாதிரி பெரிய கடைக்காரன் இல்லை. அவர்கள் 2016லிருந்து இருக்கிறார்கள், ஜப்பானில் புக் ஆஃப் என்கிற பழைய பொருள் கடைகளில் விற்காமல் நின்றதை அவர்களே கொண்டுவருகிறார்கள். நான் இரண்டு கதவுக் கடை. பொதியை எடைக்கு வாங்குகிறேன், பிரிக்கும்வரை உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது. பெரிய அளவு குறைவு என்பது உண்மை. கேட்கிறவர் இருப்பதும் உண்மை. ஆனால் எடுத்துப் போகிறவரிடம் "போடுவதற்கா, வெட்டுவதற்கா" என்று நான் விசாரிக்க முடியாது.

இன்னொன்று சொல்கிறேன். கறைபட்டது, கிழிந்தது எல்லாம் கடைசியில் கார் பட்டறைக்குத் துடைக்கிற துணியாகப் போகிறது, எடைக்கு. அந்தக் குவியலில் நல்ல பருத்தி இருக்கிறது. தைக்கிறவர்கள் யாரும் அதைக் கிளறுவதில்லை. எல்லோருக்கும் கம்பியில் தொங்குகிற சுத்தமான லினன்தான் வேண்டியிருக்கிறது.

ஈப்போ மாஸ்டர்:
அதற்குக் காரணத்தை நான் சொல்கிறேன். நம் ஊர் தையற்காரர் பிளவுஸ் தைத்தால் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் போட்டு வைப்பார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். அக்காள் பிளவுஸ் தங்கைக்கு, தங்கை பிளவுஸ் அம்மாவுக்கு என்று போகும். தொழிற்சாலைத் துணியில் அந்தப் பேச்சே இல்லை. ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிவிடும், மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர். பிரித்தால் ஊசி ஓட்டை தெரியும், பெரிதாக்க ஒரு நூல் கிடைக்காது. அதனால் பண்டல் துணியைச் சின்னதாக்க மட்டும்தான் முடியும். சின்னதாக்க மட்டும்தான் முடியும் என்றால் எல்லோர் கண்ணும் பெரிய சைஸ் மேல்தானே விழும்? தைக்கிறவர்கள் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், துணி தைத்த விதம் அப்படி. ஆனாலும் அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கிள்ளான் தையற்காரி:
நியாயம் இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் "வெட்டாதே" என்பதற்கும் "எதை வெட்டலாம்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதே பண்டலில் யுகாத்தா வரும், கவனித்திருக்கிறீர்களா? ஜப்பான்காரர்கள் வெயில் காலத்தில் உடுத்துகிற பருத்தி கிமோனோ. இங்கே அதை அப்படியே உடுத்த ஆள் கிடையாது, சும்மா தொங்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வளைத்து வெட்டினதே இருக்காது. ஏறக்குறைய 14, 15 அங்குல அகலத் துணியை நேர்க்கோட்டில் வெட்டி, நேர்க்கோட்டில் தைத்திருப்பார்கள். கூடுதல் துணியை வெட்டி எறியாமல் மடித்து உள்ளே விட்டிருப்பார்கள். கையால் தைத்ததாக இருந்தால் நூல் உருவினமாதிரி வந்துவிடும். முழு கிமோனோவுக்கு ஏறக்குறைய 12 மீட்டர் நீளத் துணி போகும் என்பதால் பஞ்சாபி சூட் மேல்சட்டைக்குப் போக மிச்சமும் நிற்கும். அகலம் போதாது, முன்னும் பின்னும் நடுவில் ஒரு தையல் வரும். அதை மறைக்க நினைக்காமல் ஒரு மெல்லிய பைப்பிங் (தையலோரம் தெரிகிற துணிக்கோடு) கொடுத்தால் டிசைன் மாதிரி இருக்கும்.

ஈப்போ மாஸ்டர்:
இது பேச்சு. திரும்பப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்தே தைத்த உடுப்பு அது. அதைப் பிரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: இப்போது வருவதில் பாலியஸ்டரும் இருக்கிறது. உள்மடிப்பிலிருந்து நாலு நூல் உருவி நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

சைபர்ஜெயா கணக்கன்:
யுகாத்தாவும் பட்டறைக் குவியலும் சரி, அங்கே யாருடைய உடுப்பும் பறிபோகவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு யுகாத்தா எடுக்க ஆரம்பித்தால் வியாபாரி அதற்கும் விலை ஏற்றிவிடுவார்.

பண்டல் வியாபாரி:
தம்பி, யோசனைக்கு நன்றி.

சுங்கை சிப்புட் தாத்தா:
சாக்கு என்றேன், யுகாத்தாவுக்குப் போய்விட்டார்கள்.

மூணு எல்:
மாஸ்டர் அண்ணே, ஒரு கேள்வி. பெரிதாக்க முடியாது என்றீர்கள். ஒரே மாதிரி கோடு போட்ட எல்எல் சட்டை இரண்டு கிடைத்தால்? ஒன்றைப் பிரித்து மற்றதன் பக்கத்தில் சேர்க்க முடியாதா?

ஈப்போ மாஸ்டர்:
முடியும். இடுப்பிலிருந்து அக்குள் வரை பக்கத்துக்கு இரண்டு அங்குலப் பட்டி, அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு, அது கையின் உட்பக்கம் வரை ஓடும். கோடு கோட்டோடு சேர வேண்டும், அதில்தான் நேரம் போகும். ஒரே துணி கிடைக்காவிட்டால் பொருந்துகிற வேறு துணியிலும் வைக்கலாம், கையை இறக்கினால் தெரியாது. வெளியே தெரிகிற தையல் நேராக இருந்தால் கடைச் சட்டை மாதிரியே இருக்கும்.

மூணு எல்:
எவ்வளவு ஆகும்?

ஈப்போ மாஸ்டர்:
45 வெள்ளி.

கிள்ளான் தையற்காரி:
பண்டல் சட்டைக்கு நாற்பத்தைந்தா! அக்கா, கிள்ளானுக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தைத்துத் தருகிறேன். காசு வேண்டாம், இரண்டாவது சட்டையில் மிஞ்சுகிற துணியைக் கொடுங்கள்.

ஈப்போ மாஸ்டர்:
அக்குள் துண்டை முதலில் பழைய பெட்ஷீட்டில் வெட்டிப் பழகுங்கள், தங்கச்சி. அப்புறம் அந்த அம்மாவின் சட்டையில் கைவையுங்கள்.

மூணு எல்:
முதலில் இரண்டு சட்டையும் கிடைக்கட்டும். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அதுவரை யாரும் அந்தக் கம்பிப் பக்கம் போகாதீர்கள்.