மறு: டெஸ்க்டாப் என்ட்ரிக்கு ‘நிரல்சீட்டு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூர் ஞாயிறு வகுப்புக்காக லினக்ஸ் பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிவருகிறோம். ஓரிடத்தில் சொல் இல்லாமல் நிற்கிறது.

நிரலை நிறுவியாயிற்று. கட்டளைகளை எழுதும் முனையத்தில் பெயரைத் தட்டினால் ஓடுகிறது. பயன்பாடுகள் பட்டியில் (மெனுவில்) மட்டும் காணோம். தளத்திலிருந்து பொட்டலமாக இறக்கி வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) விரித்தவை, முழு நிரலும் ஒரே கோப்பாக வரும் ஆப்இமேஜ் கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். பட்டியில் வர ‘.டெஸ்க்டாப்’ என்று முடியும் சின்ன உரைக்கோப்பு ஒன்று வேண்டும்: நிரலின் பெயர், சின்னம், எந்தக் கட்டளையால் ஓடும், எந்த வகையைச் சேர்ந்தது என்று நாலைந்து வரி. இந்தக் கோப்புக்கு டெஸ்க்டாப் என்ட்ரி என்று பெயர். ‘பணிமேடை உள்ளீடு’ என்று எழுதினால், உள்ளீடு என்றதும் பிள்ளைகள் விசைப்பலகையைப் பார்க்கிறார்கள். திரையின் முகப்பில் அந்தக் கோப்பைத் தேடுகிறவர்களும் உண்டு.

‘நிரல்சீட்டு’ என்று வைக்கலாமா?

— அல்சூர்

* * *

ஐயா, வணக்கம்.

சீட்டு என்றால் எங்கள் தெருவில் ஏலம் எப்போது என்று கேட்பார்கள். விளையாட்டில்லை, ராமமூர்த்தி நகரில் சீட்டு என்ற சொல்லுக்கு முதல் பொருளே மாதச் சீட்டுதான். ‘பட்டிப்பதிவு’ போதாதா? பட்டியில் வரவைக்கும் பதிவு, கேட்டதும் விளங்கும். இல்லையென்றால் விண்டோஸ் 95 காலத்திலிருந்து புழங்கும் ‘குறுக்குவழி’ இருக்கவே இருக்கிறது. அங்கும் ஸ்டார்ட் மெனுவின் அடைவில் குறுக்குவழியைப் போட்டால்தான் நிரல் பட்டியில் வரும்.

— ராமமூர்த்தி நகர்

* * *

அக்கா சொன்ன இரண்டையும் பார்ப்போம்.

குறுக்குவழி வேறொரு கோப்பைச் சுட்டும் வேலைக்குச் சரி. இந்தக் கோப்பு அதைவிட நிறையப் பேசுகிறது. பெயரை மொழிக்கு ஒரு வரியாக வைத்துக்கொள்ளும். தமிழுக்கு ஒரு வரி எழுதினால் தமிழ் இடைமுகத்தில் அந்தப் பெயர்தான் வரும். எந்தெந்தக் கோப்பு வகைகளை இந்த நிரல் திறக்கும் என்றும் சொல்லும். தேடும்போது எந்தச் சொற்களுக்கு அகப்பட வேண்டும் என்றும் சொல்லும்.

‘பட்டிப்பதிவு’ எனக்கும் பிடித்திருந்தது, ‘நோடிஸ்ப்ளே’ வரியைப் பார்க்கும் வரை. அதற்கு ‘ட்ரூ’ (ஆம்) என்று எழுதினால் நிரல் பட்டியில் வராது, ஆனால் கோப்பு உயிரோடு இருக்கும். படத்தை வலச்சொடுக்கி ‘இதைக்கொண்டு திற’ என்றால் அந்த நிரல் அங்கே நிற்கும். பட்டிக்கே வராத ஒன்றைப் பட்டிப்பதிவு என்பதா? இன்னொன்று. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனில் பட்டிக்கென்றே தனி முறை இருந்தது. அதன் கோப்புகள் பட்டியை மட்டுமே கவனித்தன. .டெஸ்க்டாப் கோப்பு உள்ள பொதி (பேக்கேஜ்) அந்தப் பழைய கோப்பையும் சேர்த்துத் தரக்கூடாது என்று அவர்களுடைய தொழில்நுட்பக் குழு 2015-இல் முடிவு செய்தது. பட்டிப்பதிவு என்ற பெயர் அந்தப் பழையதற்குத்தான் பொருந்தும், அதற்கே விட்டுவிடலாம்.

‘பணிமேடை’யும் வேண்டாம். 2000-இல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் க்னோம், கேடிஇ என்ற இரண்டு லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல்களுக்கும் பொதுவாக வளர்த்த வரையறைகளில் இது ஒன்று. பெயரிலுள்ள ‘டெஸ்க்டாப்’ என்ற சொல் சூழல் முழுவதையும் குறிக்கிறது, சுவர்ப்படம் தெரியும் திரையை அல்ல. கோப்பு வாழும் இடமும் அங்கே இல்லை. கணினிக்கே பொதுவானவை ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’. நமக்கு மட்டுமானவை வீட்டு அடைவில் மறைந்திருக்கும் ‘.லோக்கல்’ அடைவின் கீழ், அதே ‘ஷேர்’, அதே ‘அப்ளிகேஷன்ஸ்’.

இனி சீட்டு. மருந்துச்சீட்டு மருந்தல்ல, எந்த மருந்து, எப்போது, எவ்வளவு என்று சொல்லும் தாள். இந்தக் கோப்பும் நிரலல்ல, நிரலைப் பற்றிய தாள். கன்னடத்திலும் சீட்டி என்றால் துண்டுத்தாள்தான், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரு பக்கமும் பழகிய சொல். ஏலச்சீட்டு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும், பயணச்சீட்டையும் வாக்குச்சீட்டையும் அது தடுக்கவில்லையே.

எனக்கு முக்கியமான காரணம் வேறு. ‘ஹிடன்’ என்றும் ஒரு வரி உண்டு. பெயரைப் பார்த்தால் மறைத்தல் என்று தோன்றும், நோடிஸ்ப்ளேயோடு குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. வரையறையே ஒப்புக்கொள்கிறது: இதற்கு ‘நீக்கப்பட்டது’ என்று பெயர் வைத்திருக்க வேண்டும், கோப்பே இல்லாததற்குச் சமம் என்று. பொது அடைவிலுள்ள கோப்பைத் தொட நமக்கு அனுமதி இல்லாவிட்டாலும், அதே பெயரில் வீட்டு அடைவில் ஒன்று வைத்து ‘ஹிடன்’ போட்டால், நம்மைப் பொறுத்தவரை அந்த நிரலின் சீட்டு கிழிந்தது. தமிழில் சீட்டைக் கிழிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நோடிஸ்ப்ளேக்குக் ‘காட்டாதே’, ஹிடனுக்குச் ‘சீட்டுக்கிழிப்பு’. ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் தமிழில் வராது.

‘செயலிச்சீட்டு’ என்று யாராவது சொல்லும் முன்: நுண்செயலி, சொற்செயலி என்று செயலி ஏற்கெனவே ப்ராசசர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொல். நிரலே இருக்கட்டும்.

— பானஸ்வாடி

* * *

தம்பி, இலக்கணப்படி நிரற்சீட்டு. கல்லும் சிலையும் கற்சிலை ஆகும்போது நிரலும் சீட்டும் ஏன் ஆகாது?

— ஃப்ரேசர் டவுன்

* * *

ஐயா, விதி உங்கள் பக்கம். ஆனால் ‘நிரல்’ என்று தேடுகிற பையனுக்கு ‘நிரற்சீட்டு’ அகப்படாது. கணினி எழுத்தைப் பார்க்கும், புணர்ச்சியைப் பார்க்காது. சிங்கப்பூரில் காற்பந்து, நமக்குக் கால்பந்து. இரண்டு பந்தும் உருளுகிறது.

இலக்கணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இந்தக் கோப்புகளில் மூன்று வகை: நிரலுக்கு ஒன்று, இணைய முகவரிக்கு ஒன்று, அடைவுக்கு ஒன்று. நிரல்சீட்டு முதலாவதை மட்டும்தான் தாங்கும்.

— அல்சூர்

* * *

அது தடையில்லை, வசதி. பொதுப்பெயர் சீட்டு. நிரல்சீட்டு, இணைப்புச்சீட்டு, அடைவுச்சீட்டு என்று மூன்றும் தானாக விழுகின்றன. பட்டிப்பதிவை வைத்திருந்தால் இப்படி விரிக்க முடியாது.

‘பட்டி’யை வினைக்கு வைத்துக்கொள்ளலாம், அக்காவின் சொல்லும் வீணாகாது. நிரலை நிறுவுகிறோம், பிறகு பட்டியேற்றுகிறோம். ‘நிறுவியாச்சு, பட்டியேறலை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று உடனே தெரியும்: சீட்டு இருக்கிறதா, சீட்டில் கட்டளையைச் சொல்லும் வரியில் முழுப் பாதை இருக்கிறதா, வகை எழுதியிருக்கிறதா. வகை எழுதாவிட்டால் பல பட்டிகளில் ‘மற்றவை’யில் போய் விழும், காணோம் என்று தேடிக்கொண்டிருப்போம்.

— பானஸ்வாடி

* * *

நிரல் நிறுவும் கருவியான ஃப்ளாட்பேக்கில் முதன்முறை போட்டது பட்டியேறவில்லை என்றால்? சீட்டு சரியாகத்தானே இருக்கும்?

— ராமமூர்த்தி நகர்

* * *

சீட்டு சரியாக இருக்கும், அது இருக்கும் அடைவை நாம் உள்நுழைந்திருக்கும் அமர்வு அறிந்திருக்காது. ஃப்ளாட்பேக் தன் சீட்டுகளை வேறு அடைவில் வைக்கிறது. அந்த அடைவு தேடல் பாதையில் சேர ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். பாடத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

— பானஸ்வாடி

* * *

நன்றி. சீட்டு, நிரல்சீட்டு, பட்டியேற்றம், சீட்டுக்கிழிப்பு நான்கையும் பாடத்தில் ஏற்றுகிறேன். ஃப்ரேசர் டவுன் ஐயாவுக்காக ‘நிரற்சீட்டு என்றும் எழுதலாம்’ என்று ஒரு குறிப்பும். கேடிஇ-க்கு மட்டும், க்னோமுக்கு மட்டும் என்று காட்டச் சொல்லும் ‘ஒன்லிஷோஇன்’ வரிக்கு இன்னும் சொல் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் யோசித்து எழுதுங்கள்.

— அல்சூர்