மறு: லூக்கோடிஸ்ட்ரோபிக்கு ‘வெண்ணலிவு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நேற்று இரவு எல்லா மடல்களையும் முதலிலிருந்து படித்தேன். மூளையின் வெண்பொருளை, அதாவது மயலின் என்ற கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகள் நிறைந்த பகுதியை, தாக்கும் மரபணு நோய்க்குடும்பம்தான் லூக்கோடிஸ்ட்ரோபி; அதற்கு, குறிப்பாக வளர்ந்த வயதில் தொடங்கும் வகைகளுக்குத்தான், தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதில் குழப்பமில்லை. எதைப் பெயரில் வைப்பது என்பதில்தான் இடிக்கிறது.

> ‘மயலின் சிதைவு நோய்’ என்றே வைக்கலாமே. பாடநூலில் ‘மயலின் உறை’ ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, குழந்தைகளுக்கு வரும் வகைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் சொல் ஓரளவு ஒத்துவரும். பெரியவர்களின் வகைகளுக்கு வரும்போது காலை வாரிவிடுகிறது. சிஎஸ்எஃப்1ஆர் என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் துப்புரவுப் பணி செய்யும் மைக்ரோகிளியா செல்கள் உயிரோடிருக்கவே அது உருவாக்கும் ஏற்பி (செல்லின் மேல் இருந்து செய்தி வாங்கும் புரதம்) தேவை. அதில் பிழை வந்தால், பெரும்பாலும் நாற்பதுகளில், குணம் மாறுகிறது, கணக்கு வழக்கு தடுமாறுகிறது, நடை தளர்கிறது. மயலின் கெடுகிறது, உண்மைதான். ஆனால் கோளாறு தொடங்கும் இடம் மயலின் அல்ல, துப்புரவுக்காரர்.

நாட்ச்3 இன்னும் விலகி நிற்கிறது. அந்த மரபணுவின் பிழை சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் இருக்கும் தசைச் செல்களைக் கெடுக்கிறது. வெண்பொருளுக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. ஒற்றைத் தலைவலி, சிறு சிறு பக்கவாதங்கள், பிறகு மறதி என்று போகிறது. 1996இலேயே கண்டுபிடித்த மரபணு இது. ஜிஎஃப்ஏபி மரபணுவின் பிழையோ நட்சத்திர வடிவத் துணைச் செல்களில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றிலும் மயலின் பாதிக்கப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மயலின் சிதைவு’ என்றதும் மருத்துவர்கள் நினைப்பது உடலின் எதிர்ப்பாற்றலே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை. சிஎஸ்எஃப்1ஆர் பிழை உள்ளவர்களுக்கு முதலில் தவறாகச் சொல்லப்படும் நோய்களில் அதுவும் ஒன்று. சிகிச்சை அறையில் நடக்கும் குழப்பத்தை அகராதியிலும் ஏன் நடத்திக் காட்ட வேண்டும்?

> மரபணுவின் பெயரையே நோயின் பெயராக வைத்தால் சண்டையே இல்லை.

எனக்கும் முதலில் இது பிடித்திருந்தது. ஆனால் இந்தக் கதையைக் கேளுங்கள். 1984இல் சுவீடனில் ஒரு குடும்பத்தில் இந்த வகை நோயை விவரித்தார்கள். நரம்பிழைகளில் உருண்டை உருண்டையாக வீக்கம் இருந்ததால் உருண்டைகளைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். 2011 இறுதியில் சிஎஸ்எஃப்1ஆர் பிழைதான் காரணம் என்று பல குடும்பங்களில் தெரிந்தது. அப்புறம் பார்த்தால், பெயருக்கே காரணமாக இருந்த அந்தச் சுவீடன் குடும்பத்தில் சிஎஸ்எஃப்1ஆர் சரியாகவே இருக்கிறது! அவர்களுக்குப் பிழை ஏஏஆர்எஸ் என்ற வேறு மரபணுவில். மரபணுவின் பெயரை மட்டும் நம்பியிருந்தால் மூத்த குடும்பத்தையே வீட்டைவிட்டு அனுப்பியிருப்போம். ஆகவே மரபணுப் பெயர் அடைமொழியாக வரட்டும். தலைச்சொல் வேறாக இருக்கட்டும்.

இனி என் முன்மொழிவு. மூலச்சொல்லில் மூன்று துண்டுகள் உள்ளன: வெண்மை, கேடு, ஊட்டம். 1928இல் பீல்ஷோவ்ஸ்கி, ஹென்னெபர்க் என்ற இரு ஜெர்மானியர்கள் கட்டிய சொல் அது. ‘ஊட்டக்கேடு’ என்று நேராகப் போட்டால் சத்துணவு போதாத நோய் என்று படிப்பவர் நினைப்பார். தசை நோய்க்கு நாம் ‘தேய்வு’ என்கிறோம். ஆனால் வெண்பொருளுக்குத் தேய்வது மட்டுமே நடப்பதில்லை. சில வகைகளில் வீங்குகிறது, சிலவற்றில் குழிவிழுகிறது. ‘அழிவு’ என்றால் கதை முடிந்தது என்ற தொனி. சிஒய்பி27ஏ1 மரபணுப் பிழையில் ஒரு பித்த அமிலம் உருவாவதில்லை. அந்த அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தால், சீக்கிரம் தொடங்கிவிட்டால், நோயைத் தடுத்து நிறுத்த முடிகிறது. அதற்குப் போய் அழிவு என்று பெயர் வைப்பதா? ‘நலிவு’ என்றால் மெலிவும் இருக்கிறது, நோயும் இருக்கிறது, நலிந்தவர் தேறவும் இடமிருக்கிறது. வெண் + நலிவு, கண்ணீர், வெண்ணிலா போலப் புணர்ந்து ‘வெண்ணலிவு’. வாயில் நன்றாகவே உருள்கிறது.

ரத்தக்குழாய் வழியாக வரும் நாட்ச்3 வகையை நலிவு என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. அதற்கு அகலமான சொல்லாக ‘வெண்பொருள் நோய்’ இருக்கட்டும். எல்லா வெண்ணலிவும் வெண்பொருள் நோய்தான், எல்லா வெண்பொருள் நோயும் வெண்ணலிவு அல்ல. யாரோ ‘வெண்மூளை நோய்’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மூளைச்சலவைதான் நினைவுக்கு வந்தது, மன்னியுங்கள்.

‘வளர்ந்த வயதில் தொடங்கும்’ என்பதற்கு வருகிறேன். இதற்கு நானே குற்றவாளி. நோயாளிகளின் குடும்பத்துக்கான ஒரு விளக்கத்தாளைத் தமிழாக்கியபோது ‘முதியோரில் தொடங்கும்’ என்று எழுதிவிட்டேன். அதை ஓர் அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “முதியோருன்னு போட்டிருக்கே, என் தம்பிக்கு நாற்பத்திரண்டுதானே ஆகுது? அப்ப இது வேற யாரோட தாளோ?” அன்றோடு ‘முதியோர்’ போயிற்று. ‘வயதுவந்தோர்’ என்றால் பதினெட்டில் நிற்கிறது. ‘வளர்வயது’ என்பதைச் சிலர் விடலைப்பருவத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ‘முதிர்பருவ’ என்றால் மறுபடி கிழவர்கள். கடைசியில் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு ‘பெரியவர்களுக்கு வரும்’ என்றே போட்டேன். தலைப்பில் அது கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும். பரவாயில்லை.

அதே அக்கா இன்னொன்றும் கேட்டார். ஸ்கேன் படத்தில் தம்பியின் மூளையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இடங்களைக் காட்டி, “வெள்ளைப் பகுதி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க, இங்க வெள்ளை கூடத்தானே இருக்கு?” எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எம்ஆர்ஐயின் சில படவகைகளில் நல்ல வெண்பொருள் கறுத்தும் நோய் பிடித்த இடம் பளிச்சென்று வெளுத்தும் தெரியும். வெண்பொருள் என்ற பெயர் அறுத்துப் பார்த்த மூளையின் நிறத்திலிருந்து வந்தது. மயலினின் உலர் எடையில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்பு, அதனால் வந்த வெண்மை. படத்தின் வெள்ளை வேறு, மூளையின் வெள்ளை வேறு. கலைச்சொல் எதுவானாலும் விளக்கத்தில் இந்த ஒரு வரி கட்டாயம் வர வேண்டும்.

> ‘பரம்பரை வெண்ணலிவு’ என்று முழுப்பெயர் தரலாம்.

பரம்பரை வேண்டாமே. வீட்டில் வேறு யாருக்கும் இல்லாமல் ஒருவரிடம் புதிதாகவே பிழை தோன்றுவதும் உண்டு. அவர் ‘எங்கள் பரம்பரையில் இல்லை’ என்று தாளை மடித்து வைத்துவிடுவார். ஒடுங்கு வகையில் (இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய்) பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள், அவர்களுக்கும் அந்தச் சொல் பொருளற்றது. ஓங்கு வகையில் (ஒருவரிடமிருந்து பிழை வந்தாலே போதும்) ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நாலு பிள்ளை என்றால் சரியாக இரண்டு பேருக்கு என்பதல்ல, ஒவ்வொரு பிறப்புக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. ‘மரபணு வெண்ணலிவு’ போதும்.

‘மரபணு மாற்றம்’ என்ற தொடரையும் தவிர்க்கலாம், கேட்டதும் பயிர்தான் நினைவுக்கு வருகிறது. ‘சடுதிமாற்றம்’ பாடநூல் சொல்தான். ஆனால் எல்எம்என்பி1 வகையில் எழுத்து எதுவும் மாறவில்லை. இரண்டு படிகள் (நகல்கள்) இருக்க வேண்டிய மரபணு மூன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் படியே நாற்பது ஐம்பது வயதில் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ரத்த அழுத்தத்தையும் முதலில் கெடுத்து, பிறகு நடையைக் கெடுக்கிறது. இதையும் உள்ளடக்க ‘பிறழ்வு’ கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.

—

(மறுநாள் காலை)

> ‘வெண்’ என்று தொடங்கினால் தோலில் வரும் வெண்புள்ளியோடு குழம்பாதா? அதன் பழைய பெயரான ‘வெண்குஷ்ட’த்தை மாற்றவே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது!

நியாயமான கேள்வி, அம்மா. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘மூளை வெண்ணலிவு’ என்று எழுதி, பிறகு ‘வெண்ணலிவு’ என்று சுருக்கலாம். அகராதிப் பதிவில் ‘மூளை’ சேர்த்தே இருக்கட்டும்.

> ஏபிசிடி1 வகையில் பெண்களைக் ‘கடத்திகள்’ என்கிறோமே, அது சரிதானா?

சரியில்லை. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு என்பதால் பெண்கள் தமக்கு நோய் வராமல் பிழையைச் சும்மா பிள்ளைகளுக்குக் கடத்துபவர்கள் என்று முன்பு எழுதிவந்தார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் காலில் விறைப்பும் நடைத் தடுமாற்றமும் வருகின்றன. கடத்தி என்றால் மின்கம்பியும் கள்ளக்கடத்தலும் வேறு கண்முன் நிற்கின்றன. ‘பிறழ்வுள்ள பெண்கள்’ என்று நீட்டி எழுதுகிறேன். சுருக்கமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?

நரம்பிழை உருண்டைகளுக்கும் சொல் வேண்டும். ‘அச்சிழை உருண்டை’ என்று இப்போதைக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். உருண்டை என்றால் தின்பண்டம் போல இருக்கிறது என்று இரண்டு பேர் தனிமடலில் சிரித்தார்கள். மாற்று இருந்தால் சொல்லுங்கள், ஞாயிறு வரை பதிவைத் திறந்தே வைக்கிறேன்.