ஆச்சி வீட்டுக் குழு: சங்கிலியும் இரண்டு கடிதங்களும்

திருகோணமலை, செவ்வாய்க்கிழமை

வாணி (மாலை 6:41): அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் கீறல் மட்டும்தான், ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று. அழைத்தவர்கள் குறை நினைக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

நிலாவெளிச் சித்தி: சங்கிலி?

வாணி: இல்லை சித்தி.

நிலாவெளிச் சித்தி: ஆச்சியின் சங்கிலி. மூன்று பவுண்.

குமரன்: மாமிக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நிலாவெளிச் சித்தி: கேட்காமலா இருக்கிறேன்? விடியற்காலை நான்கு மணிக்கே அழைத்தேன்.

கனடா மாமா: இங்கே இப்போதுதான் விடிந்தது. என்ன நடந்தது? ஒருவர் ஒழுங்காக எழுதுங்கள்.

வாணி: நேற்று மாலை அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து நடந்து வந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். சங்கிலியைப் பிடித்து இழுத்ததில் அம்மா மதிலோடு சாய்ந்துவிட்டார். ஏழு மணிக்கு நிலையத்துக்குப் போனோம். இரண்டரை மணி நேரம் வாங்கில் இருத்தினார்கள். பிறகு ஒரு சார்ஜன்ட் அரைப் பக்கம் சிங்களத்தில் எழுதி, "அத்சன் கரன்ன" (ஒப்பமிடுங்கள்) என்று பேனாவை நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. கை நடுங்க ஒப்பமிட்டார். நான் வெளியே ஓட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடத்தை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

தர்ஷினி: ஐயோ பெரியம்மா.

வாணி: இன்று காலை திரும்பப் போனோம். மேசையில் ஒரு பெண் கொன்ஸ்தாபிள். சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நேற்றைய பதிவை எடுத்து, வரிக்கு வரி விரலை வைத்துத் தமிழில் சொன்னார். சங்கிலி "தொலைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறது. பறித்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை.

குமரன்: தொலைந்தது என்றால் யாரைத் தேடுவார்கள்? நிலத்தைத்தான் தேட வேண்டும்.

கனடா மாமா: அந்த சார்ஜன்டின் பெயர் என்ன? படம் இருக்கிறதா? முகநூலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் நாடு முழுக்கத் தெரியும்.

உவர்மலை மாமா: ஒருவரும் எதையும் எங்கும் போட வேண்டாம். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தர்ஷினி: மாமா எழுதுகிறார் என்றால் நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

நிலாவெளிச் சித்தி: அண்ணா, அதற்குள் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆச்சியின் திவசத்துக்கு எத்தனை பேர்? சமையல்காரர் இன்று முடிவாகக் கேட்கிறார்.

குமரன்: அறுபது.

நிலாவெளிச் சித்தி: போன வருடம் செத்த வீட்டுக்கே முந்நூறு பேர் வந்தார்கள். ஆண்டுத் திவசத்துக்கு அறுபதா?

உவர்மலை மாமா (இரவு 7:20): எல்லோரும் பொறுமையாக வாசிக்கவும். முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முறைப்பாட்டாளர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியில்தான் எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், "நீங்களே உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். என்னால் எழுத முடியாது என்று அவர் சொன்னால் மாத்திரமே, காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். என் தங்கை சரசுவுக்கு எழுதத் தெரியாதா? அவளுடைய கையெழுத்துக்குப் பாடசாலையில் பரிசு கொடுத்தார்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்திருந்தால் போதும்.

உவர்மலை மாமா: இன்னொன்று. வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகளைத் தமிழில் பேண வேண்டும் என்று 1988இல் வந்த 16ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே இது அவர்கள் எங்களுக்குச் செய்யும் தயவு இல்லை.

கனடா மாமா: அண்ணா, சட்டம் எல்லாம் சரி. யாரிடம் கொடுப்பது? ஒரு வரியில் சொல்லுங்கள்.

உவர்மலை மாமா: ஒரு வரியில் சொல்ல முடியாது. தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001இல் 17ஆவது திருத்தத்தோடு வந்தது. பொலிஸாரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அரசியல்வாதிகளின் கையில் இருக்கக் கூடாது என்பதற்காக. 2010இல் 18ஆவது திருத்தம் அந்த அதிகாரங்களைப் பறித்தது. அப்போதும் பொதுமக்களின் முறைப்பாட்டை விசாரிக்கும் வேலை அதனிடமே இருந்தது. பொலிஸ் மா அதிபர் தவிர மற்ற எந்த உத்தியோகத்தரைப் பற்றியும் அங்கே எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். முகவரி: கொழும்பு 7, பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளாகம், 9ஆம் தொகுதி. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைக்க வேண்டும்.

உவர்மலை மாமா: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தொலைபேசி 1996. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதனால்தான் திகதியை எல்லோரும் குறித்துவைக்கச் சொல்கிறேன்.

தர்ஷினி: மாமா, மான் மறுபடியும் வந்துவிட்டது. செவ்வரத்தை முழுவதையும் தின்றுவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நிலாவெளிச் சித்தி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். மாமா வீட்டில் நிற்கும்போது கேற்றைப் பூட்ட வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னேன்?

நிலாவெளிச் சித்தி: அண்ணா, எனக்கு இது ஒன்றும் வேண்டாம். சங்கிலி போனது போனதுதான். பொலிஸுக்கு எதிராக எழுதிவிட்டு இதே ஊரில் இருக்க வேண்டும். வாணி ஒவ்வொரு நாளும் தனியாகத்தான் பாடசாலைக்குப் போய்வருகிறாள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மறந்துவிட்டதா? காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுட்டுக் கொன்றார்களே, அந்த ஐந்து மாணவப் பிள்ளைகள். குமரன் அன்று மாலை கடற்கரைக்குத்தான் போயிருந்தான். விடியும்வரை நீங்கள் தெருத் தெருவாக நடந்தீர்கள். பொலிஸ்காரர் பதின்மூன்று பேரைக் குற்றஞ்சாட்டினார்கள். 2019இல் பதின்மூன்று பேரும் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

(இருபது நிமிடம் ஒருவரும் எழுதவில்லை.)

குமரன்: மறக்கவில்லை மாமி. அன்று நான் நண்பன் வீட்டில் இருந்தேன். அப்பா வந்து கதவைத் தட்டியபோது அவர் காலில் செருப்பு இல்லை.

குமரன்: அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். எழுதாமல் இருந்த வீடுகளும் நிம்மதியாக இருக்கவில்லை.

கனடா மாமா: எழுதுங்கள். வழக்கறிஞர் செலவு என் பொறுப்பு.

நிலாவெளிச் சித்தி: கிணற்றுக் காணி வழக்குக்கும் இப்படித்தான் சொன்னாய் தம்பி.

கனடா மாமா: அது வேறு கதை அக்கா.

உவர்மலை மாமா: கிணற்றைப் பற்றி இங்கே ஒருவரும் பேச வேண்டாம்.

அம்மா (இரவு 8:52): எல்லாவற்றையும் வாசித்தேன்.

அம்மா: அந்தக் கொன்ஸ்தாபிள் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வாணி: அம்மாவே சொல்லட்டும்.

அம்மா: முதலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். நேற்று ஒருவர்கூட என் கழுத்தைப் பார்க்கவில்லை. காயத்தை டொக்டரிடம் பதிய வேண்டும் என்று சொல்லிப் படிவம் நிரப்பித் தந்தாள். புதிய வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதினாள். மெதுவாக, பெரிய பெரிய எழுத்தில். "சங்கிலி" என்பதை "சங்கிளி" என்று எழுதிவிட்டாள். நான் சொன்னதும் அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, மேலே சரியாக எழுதி, பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பம் இடச் சொன்னாள். பொலிஸ் புத்தகத்தில் அழிக்கக் கூடாதாம். முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். "அம்மா, சரியா?" என்று இரண்டு தரம் கேட்டாள். தமிழ் எங்கே படித்தாய் என்று கேட்டேன். இங்கே மாற்றலாகி வந்த பிறகு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் படித்தாளாம்.

தர்ஷினி: பெரியம்மா, அவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவோமா?

உவர்மலை மாமா: வேண்டாம். வழக்கு நடக்கும்போது அது அவருக்கே கெடுதல்.

உவர்மலை மாமா: பாராட்டுக் கடிதம் எழுதுவோம். எங்கள் சனம் பொலிஸைப் பற்றி எழுதினால் முறைப்பாடுதான் எழுதும். நல்லது செய்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடும். கும்பிடு கோவையில் ஏறாது. திகதி, நேரம், அவர் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிப் பிரிவுக்குப் பொறுப்பான சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கு அனுப்பி, அவருடைய தனிப்பட்ட கோவையில் சேர்க்கும்படி கேட்க வேண்டும்.

கனடா மாமா: இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் என்ன? ஒருவர் இப்படி, மற்றவர் அப்படி என்று.

அம்மா: அதுதான் எனக்குப் பயம்.

அம்மா: முதல் பதிவில் பிழை இருக்கிறது என்று எழுதினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வாசித்துக் காட்டியது அவள்தான் என்று தெரிந்துவிடும். அவள் நாளைக்கும் அந்த சார்ஜன்டுக்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டும். எனக்கு நல்லது செய்த பிள்ளையை நானே காட்டிக்கொடுப்பதா?

குமரன்: மாமி சொல்வது சரி.

வாணி: ஆனால் அம்மா, எழுதாவிட்டால் நாளைக்கு வேறொரு அம்மாவும் அதே வாங்கில் இருப்பார். அவருக்கு ஒப்பமிடவும் தெரியாமல் இருக்கலாம்.

உவர்மலை மாமா: சற்றுப் பொறுங்கள்.

உவர்மலை மாமா (இரவு 9:30): வழி இருக்கிறது. முறைப்பாட்டாளர் தன்னுடைய முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதியைக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். சரசுவின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி முதல் பதிவின் பிரதியை எடுப்போம். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்போம். "தொலைந்தது" என்று எழுதியிருப்பதை அந்தத் தாளே சொல்லும். அந்தப் பிள்ளையின் பெயரை முறைப்பாட்டில் ஓரிடத்திலும் எழுதத் தேவையில்லை. பாராட்டுக் கடிதத்தில் முதல் பதிவைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. தண்ணீர், படிவம், தமிழில் எழுதியது, வாசித்துக் காட்டியது, அவ்வளவுதான்.

குமரன்: பிரதிக்கு நான் போகிறேன். மாமியின் அடையாள அட்டை வேண்டும்.

நிலாவெளிச் சித்தி: தனியாகப் போகாதே.

குமரன்: அப்பாவும் வருகிறார்.

நிலாவெளிச் சித்தி: அப்படியானால் போ. ஆனால் முறைப்பாட்டுக்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை. பாராட்டுக்குச் சொல்கிறேன்.

நிலாவெளிச் சித்தி: அக்கா, கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகாமல் பெட்டகத்தில் வைத்திருக்கலாம்.

அம்மா: ஆச்சி அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நானும் கழற்றவில்லை.

நிலாவெளிச் சித்தி: தெரியும். எனக்கும் ஆசை இருந்தது, அதுதான்.

வியாழக்கிழமை

குமரன் (காலை 11:15): விண்ணப்பம் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வாங்கியதற்கு முத்திரை வைத்துத் தந்தார்கள்.

உவர்மலை மாமா: முத்திரையைப் படம் எடுத்துப் போடு. திகதி தெரிய வேண்டும்.

கனடா மாமா: திங்கட்கிழமை தராவிட்டால்?

உவர்மலை மாமா: அதையும் எழுதுவோம். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

நிலாவெளிச் சித்தி: பிரதி வரட்டும், பிறகு பேசுவோம்.

அம்மா (காலை 11:40): பாராட்டுக் கடிதத்தை நானே கையால் எழுதினேன். படம் போடுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அம்மா: [படம்]

வாணி: பிழை இல்லை அம்மா.

உவர்மலை மாமா: "மகள் போன்றவர்" என்ற சொல்லை எடுத்துவிடலாம். உத்தியோகக் கடிதம்.

அம்மா: அது இருக்கட்டும் அண்ணா.

உவர்மலை மாமா: சரி, இருக்கட்டும்.

நிலாவெளிச் சித்தி: நூற்றிருபது பேர் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். வாழை இலை யார் எடுக்கிறீர்கள்?