கோட் ரிவ்யூவில் பாட் எழுதும் வேடிக்கை வரிகள்: வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிடலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் மென்பொருள் குழுவில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாராவது புல் ரிக்வெஸ்ட் (தன் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை) திறந்தவுடன் டேஞ்சர் என்னும் தானியங்கிக் கருவி (பாட்) ஓடி, மாற்றத்தைச் சோதிக்கும் நிரலான டெஸ்ட் இல்லாவிட்டாலோ விளக்கம் விடுபட்டிருந்தாலோ அங்கேயே கமெண்ட் இடும்படி அமைத்திருக்கிறோம். அந்தக் கமெண்ட்கள் வறட்சியாக இருப்பதாக எண்ணி, சென்ற மாதம் நானே அவற்றை வேடிக்கையாக மாற்றி எழுதினேன். டெஸ்ட் இல்லாத கோப்புக்கு, ‘கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டீர்களா?’ என்று வரும். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் புல் ரிக்வெஸ்டில் மூன்று கோப்புகளுக்கும் அதே வரி வந்தது. அவர் அதை மூடிவிட்டு, தான் என்ன தவறு செய்தோம் என்று என்னிடம் தனியே வந்து கேட்டார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நகைச்சுவையை முழுவதுமாக நீக்கிவிட வேண்டுமா?

மறுமொழி 1:
முழுவதுமாக நீக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் இடத்தை மாற்ற வேண்டும். குபெர்னெட்டிஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் திட்டத்தின் புல் ரிக்வெஸ்ட்களைக் கவனிக்கும் புரோ என்னும் அமைப்பைப் பாருங்கள். அங்கே ஒருவர் சாய்கோடு இட்டு ‘ஜோக்’ என்று எழுதினால் பாட் ஒரு சிரிப்புத் துணுக்கை இடும்; ‘மியாவ்’ என்றால் பூனைப் படம், ‘வூஃப்’ என்றால் நாய்ப் படம், ‘ஹாங்க்’ என்றால் வாத்துப் படம். அதே பாட், டெஸ்ட் தோற்றுவிட்டால், எந்த டெஸ்ட், எந்த கமிட் (பதிவு செய்த மாற்றம்), மீண்டும் ஓட்ட என்ன கட்டளை என்பதை ஓர் அட்டவணையாகத் தருகிறது. அதில் ஒரு சொல் கூட வேடிக்கைக்காக இல்லை. இந்தப் பிரிவினைதான் எனக்கு மிகவும் பிடித்தது. குறை சொல்லும் இடத்தில் பாட் வேடிக்கை பேசுவதில்லை. வேடிக்கை வேண்டுமென்று ஒரு மனிதர் கேட்ட பிறகே பேசுகிறது.

உடன் வேலை செய்பவர் கிண்டல் செய்தால், எதிரில் இருப்பவர் யார், இன்று அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று ஓரளவாவது பார்த்துத்தான் செய்வார். பாட்டுக்கு அது தெரியாது. பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் முதல் நாள் வந்தவருக்கும் ஒரே வரியைத்தான் நீட்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கமெண்டில் கட்டளை இட்டால் பாட் வேடிக்கை காட்டும்படி, கிட்ஹப்பிலேயே பணிகளைத் தானாக ஓட்டும் வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செய்யப் போகிறீர்கள் என்றால் கவனம் தேவை. கமெண்டால் தூண்டப்படும் பணி, உங்கள் முதன்மைக் கிளையின் (நிரலின் முதன்மைப் பிரதியின்) சூழலில், கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகளை எடுக்கும் உரிமையோடு ஓடும். நிரல் வைத்திருக்கும் களஞ்சியம் பொதுவில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கமெண்ட் இடலாம் என்பதால், இட்டவர் குழு உறுப்பினரா என்று முதலில் சரிபாருங்கள். கமெண்டின் உரையை நேரடியாக ஷெல் கட்டளைக்குள் (கணினி அப்படியே நிறைவேற்றும் வரிக்குள்) ஒட்டாதீர்கள். அதை வெறும் மதிப்பாக வைத்திருக்கும் சூழல் மாறியின் (environment variable) வழியே அனுப்புங்கள். சிரிப்புக்காகத் திறந்த கதவு வழியே சாவி களவு போய்விடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வரியை இப்படி மாற்றிவிட்டேன்: ‘இந்தக் கோப்பில் மாற்றம் உள்ளது, அதற்குரிய டெஸ்ட் இல்லை. டெஸ்ட் தேவையில்லை என்றால் காரணத்தை விளக்கத்தில் எழுதவும்.’ பூனைப் படக் கட்டளையை, உறுப்பினர் சரிபார்ப்பை எழுதி முடித்த பிறகே சேர்க்கப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். மூடிய புல் ரிக்வெஸ்டை இன்று காலை அவர் மீண்டும் திறந்திருக்கிறார், ரிவ்யூவை நானே செய்கிறேன்.