ஓடுதளம் உண்டு, விமானம் இல்லை: நாம் பார்த்த விமானப் படங்கள்

கோட்டையூரான்:

நம்ம செட்டிநாடு ஓடுதளத்தில் விமானம் இறங்கிப் பார்த்தவர்கள் இருந்தால் முதலில் கையைத் தூக்குங்கள். நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. எனக்கு நினைவு தெரிந்து அதில் ஓடியது ஆடு, மாடு, எங்கள் சைக்கிள். இப்போது காரையும் பைக்கையும் விரட்டிப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆசைதான் இருக்கிறது, விமானம் இல்லை. அதனால் நமக்குப் படம்தான் கதி.

எனக்கு வாய்த்தது 1989-இல், சித்தப்பா கல்யாணத்தில். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்ததும் பெரியவர்கள் பாயிலேயே சாய்ந்துவிட்டார்கள். டெக்காரர் சும்மா கொண்டு வந்த மூன்றாவது கேசட் ‘டாப் கன்’. வசனம் ஒரு எழுத்துப் புரியவில்லை. எஃப்-14 போர் விமானம் மட்டும் புரிந்தது. மெதுவாகப் போகும்போது ரெக்கையை விரிக்கிறது, வேகமெடுத்தால் பின்னால் மடக்கிக்கொள்கிறது! அதையே ரீவைண்டு பண்ணச் சொல்லி அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிட்டோம்.

மறுநாள் நாலு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனோம். வேகம் கூடக்கூடக் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. நான்தான் நேர்மையாகக் கடைப்பிடித்தேன். தாடையில் நாலு தையல், இன்னும் தழும்பு இருக்கிறது. கல்யாண வீட்டில் விழுந்த அடி தனிக் கணக்கு.

2022-இல் ‘டாப் கன்: மேவரிக்’ வந்தபோது மகளை மதுரைக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தேன். நடிகர்களை நிஜமாகவே எஃப்-18-இன் பின் இருக்கையில் உட்கார வைத்து, காக்பிட்டுக்குள் ஆறு கேமராவைப் பொருத்தி எடுத்தது. கன்னம் தொங்குவது நடிப்பில்லை, விமானம் சட்டென்று திரும்பும்போது உடம்பை அழுத்துகிற அழுத்து. மகள் என் தாடையைப் பார்த்து, “இதுக்குத்தானாப்பா?” என்றாள்.

உங்களுக்குப் பிடித்த படம் எது? எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் பட்டியல் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

தேவகோட்டைக்காரன். விமானப் பராமரிப்பில் 30 வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். விமானப் படம் என்றால் வீட்டில் என்னைப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். “அந்த சுவிட்ச் அங்க இருக்காது” என்று நான் ஆரம்பித்தால் என் மனைவி ரிமோட்டை மறைத்து வைத்துவிடுவார்.

நான் வாயை மூடிக்கொண்டு பார்த்த ஒரே படம் ‘சல்லி’, 2016-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்தது. கதை தெரிந்ததுதான். 2009 ஜனவரி 15, நியூயார்க்கில் கிளம்பிய ஏ320, வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் போய், ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை 208 விநாடி. நம்ம வீட்டில் பால் பொங்குவதற்குள் முடிந்துபோன கதை.

எனக்கு அதில் பிடித்தது ஆற்றில் இறங்கியது அல்ல. வாலில் ஒரு சின்ன எஞ்சின் உண்டு, ஏபியு என்போம். தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்கும் ஏசிக்கும் போடுவது. இரண்டு எஞ்சினும் நின்றால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் அது எங்கோ கீழே கிடக்கும். காரணம், அந்தப் பட்டியல் மிக உயரத்தில் எஞ்சின் நிற்கும் என்று நினைத்து எழுதப்பட்டது. கேப்டன் சல்லி கையில் இருந்தது சுமார் 3,000 அடி. பட்டியலைப் பார்க்காமல் உடனடியாக ஏபியுவைப் போட்டார். மின்சாரம் போகவில்லை, கம்ப்யூட்டர்கள் விழித்திருந்தன, விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. படத்தில் அது ஒரு வசனத்தோடு போய்விடும். நான் மட்டும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரிகளை வில்லனாக்கியது அநியாயம். சிமுலேட்டரில் உடனே திருப்பினால் ஓடுதளத்துக்குப் போய்ச் சேர முடிந்தது உண்மை. ஆனால் ‘என்ன ஆச்சு’ என்று மனிதன் யோசிக்க 35 விநாடி கொடுத்துப் பார்த்ததும் அதே விசாரணைக் குழுதான். அது விழுந்தது. கேப்டன் மேல் பழி போட அவர்கள் துடித்ததாகக் காட்டியது சினிமாவுக்கு.

பள்ளத்தூர் ஆச்சி:

‘சூரரைப் போற்று’தான், வேறென்ன. கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் தொடங்கிய கதையை வைத்து எடுத்தது, தேசிய விருதெல்லாம் வாங்கியது. அதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, வேலை மலேசியாவில். 2020 ஆகஸ்டில் அப்பத்தா தவறிவிட்டார்கள். விமானம் கிடையாது. சிறப்பு விமானத்துக்குப் பெயர் கொடுத்து, வரிசை வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. முகப்பில் ஒரு நாற்காலி போட்டு, அதில் சொம்பை வைத்து, சொம்பில் போனைச் சாய்த்து வைத்தோம். அப்பச்சி அதில்தான் பார்த்தார்கள். நடுவில் சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜரைத் தேடி நான் ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

மூன்று மாதம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் படம் போனில் வந்தது. டிவியில் இணைத்து வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஊருக்குப் போக வந்த மகன், டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் விமான நிலையத்தில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கை நீட்டுவான் இல்லையா? அந்த இடம் வந்ததும் சித்தப்பா எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்கள். நாங்கள் யாரும் நிறுத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

படம் நல்ல படமா என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ரஸ்தா ரசிகன்:

‘காற்று வெளியிடை’ பற்றி ஒருவரும் பேசவில்லையே! பாட்டுக்கும் பனிமலைக்கும் முழு மதிப்பெண். அந்த விமானி மாதிரி ஒரு மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் காபி கூடக் கொடுக்க மாட்டோம். அவ்வளவுதான் என் விமர்சனம்.

பொம்மைப் படக்காரன்:

வயதில் சின்னவன், தப்பிருந்தால் மன்னிக்கவும். மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’, 2013-இல் வந்த ஜப்பான் பொம்மைப் படம். ஜீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷியை வைத்துச் செய்த கதை. அதில் எஞ்சின் சத்தம், பூகம்பச் சத்தம் எல்லாமே மனிதர்கள் வாயால் போட்டது. தெரிந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஐயாவிடம், எங்கள் தாத்தாவிடம், ஓடினேன்.

ஐயா பிறந்தது பர்மாவில், கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன குடும்பம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அவருக்கு 11 வயது. கிட்டங்கி (நம்மவர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடம்) மாடியிலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம், ஓட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லையாம். அன்றைக்கு ரங்கூன் மேல் வந்தவை ராணுவத்தின் விமானங்கள், ஜீரோ கடற்படையுடையது. ஐயாவுக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

இயர்போனைக் காதில் வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இது நல்லா இருக்குடா, புள்ளைக வெளயாடுற மாதிரி. அது இப்படிக் காதுல கேக்காது, வயித்துக்குள்ள கேக்கும்” என்றார். பிறகு, “இதச் செஞ்ச பயலுக்குப் பறக்கணும்னுதான ஆச?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். படம் முழுக்கப் பார்த்தார், மொழி தெரியாமலே. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கோட்டையூரான்:

தம்பி, ஐயா கதைக்கு நன்றி. ஆச்சி, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எனக்கு ஒரு நெடுநாள் குறை. நம்ம வள்ளல் அழகப்பர் லண்டன் கிராய்டனில் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கியவர். ஜுபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக ஒரு கம்பெனியே நடத்தினார். காரைக்குடியில் கல்லூரி கட்டியதைச் சொல்லும் நாம் அதைச் சொல்வதே இல்லை. தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்த ஊர் இது. இந்த ஒரு படத்தை எடுக்க ஆள் இல்லையா?

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

எடுத்தால் டக்கோட்டா வேண்டும். போர் முடிந்து மலிவாக வந்த அந்த விமானங்களை வைத்துத்தான் அந்தக் காலத்துக் கம்பெனிகள் பிழைத்தன. நம் விமானப்படையில் பரசுராமா என்று ஒரு டக்கோட்டாவைப் பழுது பார்த்து 2018-இல் சேர்த்தார்கள். ஒரு பக்க எஞ்சினுக்கு 14 சிலிண்டர், வட்டமாக அடுக்கியது. பொம்மைப் படத் தம்பி, உங்கள் ஐயா சொன்னது சரியான பேச்சு. பிஸ்டன் எஞ்சின் பக்கத்தில் நின்றால் முதலில் வயிறுதான் அதிரும். ஜெட் வந்த பிறகு நாங்களே அதை மறந்துவிட்டோம்.