தாத்தா வீட்டை ஓவியக்கூடமாக மாற்றலாமா, அண்ணாச்சிகளே?

அம்பை கரித்துண்டு:
ஆச்சி வீட்டு அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் யானை வரைந்து அடி வாங்கினவன் நான். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறி, ஐந்து நிலையிலும் ஓவியங்களைப் பார்த்த அன்றைக்கே பைத்தியம் முற்றிவிட்டது. ஃப்ரீஹேண்ட் ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அப்புறம் என்ன, 12 வருடமாக ஃப்ளெக்ஸ் கடையில் தலைவர்களுக்கு மீசை திருத்துகிறேன். பாளையங்கோட்டையில் தாத்தாவின் ஓட்டு வீடு சும்மா கிடக்கிறது, கையில் 40 படம் இருக்கிறது, முன்பக்கத்தைக் கூடமாக்கலாம் என்று பார்க்கிறேன். "படம் வாங்க இங்க யாரு வருவா?" என்று வீட்டில் கேட்கிறாள். பதில் இல்லை.

தென்காசிக்காரன்:
தம்பி, 9 வருடமாகக் கூடம் நடத்துகிறேன். முதல் வருடம் 3 படம் விற்றது, அதில் ஒன்று வாங்கியது என் தாய்மாமா. வாடகை கட்டியது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வகுப்பும் ஃப்ரேம் வேலையும்தான், கல்யாண போட்டோவுக்கும் சாமி படத்துக்கும் ஃப்ரேம் போட்டுக் கொடுக்க வெட்கப்படாதே. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதே, உதிரும். மேலே மரச்சட்டம் ஓட்டி அதிலிருந்து கம்பியில் தொங்கவிடு. வாட்டர்கலர் என்றால் கண்ணாடி படத்தின் மேல் ஒட்டவே கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வை. எனக்கு ஒரு ஐப்பசி மழையில் 7 படம் பூசணம் பிடித்துப் போனது, கண்ணாடியை எடுத்தால் பாதி வர்ணம் அதோடே வந்தது.

கோவில்பட்டி மாரி:
எங்கள் ஊர்க் கதையும் இதுதான். கொண்டையராஜு மெட்ராஸில் முறையாக ஓவியம் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே இங்கே வந்து தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டுடியோ போட்டார்கள். வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. உங்கள் ஆச்சி வீட்டுப் பூஜையறையிலும் ஒன்று இருந்திருக்கும், பாருங்கள்.

வள்ளி:
நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். ஒரு கூடத்தில் என் படம் 6 கொடுத்தேன். கூடத்தை மூடியபோது 4தான் திரும்பி வந்தது, மீதியைக் கேட்டால் "சீட்டு இருக்காம்மா?" என்றார்கள். தொடங்கினால் முதலில் சீட்டுப் புத்தகம் அச்சடியுங்கள்: படத்தின் அளவு, விலை, உங்கள் கமிஷன், திருப்பித் தரும் தேதி, இரண்டு பேர் கையெழுத்து. அப்புறம், உங்கள் 40 படத்தையும் மாட்டிவைத்தால் அது உங்கள் வீட்டு வரவேற்பறை, கூடம் இல்லை. மற்றவர்கள் படத்துக்கும் ஒரு சுவர் விடுங்கள், அவரவர் சொந்தக்காரர்களாவது பார்க்க வருவார்கள்.

அம்பை கரித்துண்டு:
தென்காசி அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு நேரே போய்த் தென்பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று ஈரம். முதலில் ஓடு மாற்றணும். சீட்டுப் புத்தகம் நம்ம கடையிலேயே அடித்துக்கொள்ளலாம், வள்ளி அக்கா. வகுப்புக்கு எங்கள் தெருவிலேயே 4 பிள்ளைகள் தயார், அதில் ஒருத்தி இப்போதே திண்ணையில் சாக்பீஸால் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறாள்.